பாடகர் போனார், பாட்டு நின்றதா?

நாடகக் குழு ஒன்றில் இராஜபார்ட் வேடம் கட்டுபவர் திடீரென்று விலகிக்கொண்டால் என்ன நேரும் என்பதை நாம் அறிவோம். கொட்டகைக்காரர் கொடுத்த முன்பணத்தைத் திருப்பிக் கேட்பார். சுவரொட்டியில் இனி யார் படத்தைப் போடுவது என்ற கேள்வி எழும். மிஞ்சியிருப்போர் எவ்வளவு திறமைசாலிகளாக இருந்தாலும், "அவர் இல்லாத நாடகமா?" என்று ஊர் கேட்கும். 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இங்கிலாந்தின் 'ஜெனிசிஸ்' என்னும் இசைக்குழுவுக்கு நேர்ந்தது ஏறக்குறைய இதுதான். அக்குழுவின் பாடகரும், பலருடைய கண்ணுக்கு அக்குழுவாகவே விளங்கியவருமான பீட்டர் கேபிரியல் விலகிவிட்டார் என்ற செய்தி அந்த மாதத்தில் வெளியாயிற்று. ஆறு மாதம் கழித்து, 1976 பிப்ரவரியில், எஞ்சிய நால்வரும் ஓர் இசைத்தட்டை வெளியிட்டனர். அதன் பெயர் 'எ டிரிக் ஆப் தி டெயில்'. 'வாலின் வித்தை' என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். அந்த இசைத்தட்டு எப்படிப் பிறந்தது, அதில் என்ன இருக்கிறது என்பதைச் சிறிது விளக்கமாகக் காண்போம்.

முதலில், இந்த இசை வகையைப் பற்றி இரண்டு சொல். 1960களின் இறுதியில் இங்கிலாந்தில் கிளைத்த இதற்குப் 'புரோகிரசிவ் ராக்' என்று பெயர். 'முற்போக்கு ராக்' என்று மொழிபெயர்த்தால் நம்மவர்கள் உடனே ஏதோ கட்சி மேடையை நினைத்துக்கொள்வார்கள். ஆகையால் ஆங்கிலப் பெயரே இருக்கட்டும். மூன்று நிமிடத்தில் முடியும் காதல் பாட்டோடு ராக் இசை நின்றுவிட வேண்டுமா என்று கேட்ட இளைஞர்களின் முயற்சி இது. ஐரோப்பியச் செவ்வியல் இசையிலிருந்து நீண்ட அமைப்பையும், ஜாசிலிருந்து தாளச் சிக்கலையும், நாட்டுப் பாடலிலிருந்து கதையையும் எடுத்துக்கொண்டு, பாட்டின் நீளத்தைப் பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று வளர்த்தார்கள். ஜெனிசிஸ் குழுவின் 'சப்பர்ஸ் ரெடி' என்ற 1972ஆம் ஆண்டுப் படைப்பு 23 நிமிடம் ஓடும். இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறக்குறைய முழுவதும் அந்த ஒரே பாட்டுதான்.

குழுவின் வரலாறு சுருக்கமானது. சார்ட்டர்ஹவுஸ் என்ற பழம்பெரும் பள்ளியில் படித்த மாணவர்கள் 1967இல் சேர்ந்து தொடங்கியது. பீட்டர் கேபிரியல் பாடினார். டோனி பேங்க்ஸ் ஆர்கன், பியானோ முதலிய கட்டை வாத்தியங்களை வாசித்தார். மைக் ரதர்போர்டு பாஸ் கிதார். ஆன்டனி பிலிப்ஸ் கிதார். இவர்களுள் பிலிப்ஸ் 1970இலேயே விலகிவிட்டார். மேடை அச்சமும் உடல்நலக் குறைவும் காரணம். குழு கலைந்துவிடும் என்ற நிலை உண்மையில் அப்போதுதான் ஏற்பட்டது. ஆனால் அவர்கள் கலையவில்லை. 'மெலடி மேக்கர்' என்ற இசை வார இதழில் விளம்பரம் கொடுத்து டிரம் வாசிப்பவர் ஒருவரைத் தேடினார்கள். தேர்வு நடந்த இடம் கேபிரியலின் பெற்றோர் வீடு. குறித்த நேரத்துக்கு முன்பே வந்துவிட்ட பில் காலின்ஸ் என்ற 19 வயது இளைஞர், அங்கிருந்த நீச்சல் குளத்தில் நீந்திக்கொண்டே தமக்கு முன் வந்தவர்கள் வாசிப்பதைக் காது கொடுத்துக் கேட்டுப் பாடங்களை மனத்தில் பதிய வைத்துக்கொண்டாராம். இடம் அவருக்கே கிடைத்தது. தேர்வு அறைக்கு வெளியே நிற்கும்போது வினாத்தாளைத் தெரிந்துகொள்வது என்றால் இதுதான்! அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் ஸ்டீவ் ஹேக்கெட் கிதார் வாசிக்க வந்து சேர்ந்தார். இந்த ஐவர்தான் பிறகு புகழ்பெற்ற ஐவர்.

புகழின் பெரும்பங்கு கேபிரியலுக்குச் சென்றது. அதில் வியப்பில்லை. மற்றவர்கள் உட்கார்ந்து வாசிப்பார்கள். ஹேக்கெட், ரதர்போர்டு இருவரும் கிதாரோடு நாற்காலியை விட்டு எழுந்திருப்பதே அருமை. கேபிரியலோ 1972இல் டப்ளின் நகர மேடையில் தம் மனைவியின் சிவப்பு உடையும் நரித் தலையுமாகத் தோன்றினார். பிறகு தலையைச் சுற்றிப் பூவிதழ் கட்டினார். கிழவன் முகமூடி போட்டார். பத்திரிகைகளில் அவர் படமே வந்தது. பாட்டுகளை ஐவரும் சேர்ந்து ஆக்க, பெயரும் ஐவருக்கும் பொதுவாகவே அச்சிடப்பட்டது. எனினும், 'இவையெல்லாம் கேபிரியலின் படைப்பு, மற்றவர்கள் பக்கவாத்தியம்' என்று பலர் எண்ணிவிட்டனர். இந்த எண்ணம் மற்ற நால்வரையும் உறுத்திற்று என்பதை அவர்கள் பிற்காலத்தில் மறைக்கவில்லை.

1974இல் 'தி லேம்ப் லைஸ் டவுன் ஆன் பிராட்வே' என்ற இரட்டை இசைத்தட்டு உருவானபோது பிளவு வெளிப்பட்டது. கதையும் பாடல் வரிகளும் தம்முடையவையாகவே இருக்க வேண்டும் என்றார் கேபிரியல். ஆக, ஓர் அறையில் நால்வர் இசை அமைக்க, இன்னோர் அறையில் ஒருவர் எழுதினார். இதற்கிடையே 'தி எக்சார்சிஸ்ட்' படத்தின் இயக்குநர் வில்லியம் பிரீட்கின் தம்மோடு பணியாற்ற அழைத்ததால் கேபிரியல் சிறிது காலம் வெளியேறித் திரும்பினார். அந்த ஆண்டு ஜூலையில் அவருக்கு முதல் குழந்தை பிறந்தது. பேறு சிக்கலாகிவிட்டது, குழந்தை பிழைக்குமா என்ற கவலை வாரக்கணக்கில் நீடித்தது. மருத்துவமனைக்கும் ஒலிப்பதிவுக்கும் இடையே அலைந்த அந்த இளந்தந்தையின் நிலையைத் தோழர்கள் போதிய அளவு உணர்ந்துகொள்ளவில்லை. அவர்களும் இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதினர்தாம், நம் வயதினர். நவம்பரில் அமெரிக்கச் சுற்றுப்பயணம் தொடங்கியபோது, கிளீவ்லாந்து நகரில், தாம் விலகப் போவதாகக் கேபிரியல் சொல்லிவிட்டார். ஒப்புக்கொண்ட மேடைகளை முடித்துக் கொடுப்பதென்றும் அதுவரை செய்தியை வெளியிடுவதில்லை என்றும் முடிவாயிற்று. ஏறக்குறைய நூறு மேடைகளில், விலகப் போகிறவரும் விடப்படப் போகிறவர்களுமாக ஒன்றாக நின்று வாசித்தார்கள். 1975 மே மாதம் பிரான்சில் அந்தப் பயணம் முடிந்தது.

இனி நால்வர். அவர்கள் முன் நின்ற கேள்வி எளிதன்று. குழுவுக்குக் கடன் இருந்தது. பாடகர் இல்லை. ஹேக்கெட் தம் முதல் தனி இசைத்தட்டை முடிக்கும் வேலையில் இருந்தார். ஜூலை மாதத்தில் இலண்டனின் ஆக்டன் பகுதியில் ஒரு நிலவறை ஒத்திகைக்கூடத்தில் பேங்க்ஸ், ரதர்போர்டு, காலின்ஸ் மூவரும் முதலில் கூடினார்கள். சில நாட்களிலேயே புதிய இசையின் முக்கியமான பகுதிகள் வந்து விழுந்தன. விலகல் செய்தி பத்திரிகையில் வெளிவந்து, 'ஜெனிசிஸ் முடிந்தது' என்று இரங்கல் உரைகள் எழுதப்பட்டபோது இவர்கள் கையில் ஏற்கெனவே சரக்கு இருந்தது. பாடகரைத்தான் காணோம்.

பாடகரே வேண்டாம், வாத்திய இசை மட்டும் வாசிப்போம் என்று காலின்ஸ் ஒரு யோசனை சொன்னார். மற்றவர்கள் ஏற்கவில்லை. மீண்டும் 'மெலடி மேக்கர்' விளம்பரம். நூற்றுக்கணக்கில் விண்ணப்பங்கள் குவிந்தன. வந்தவர்களுக்குப் பழைய பாட்டுகளைச் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பு காலின்சுக்கு. அவர் பாடிக் காட்டுவார். வந்தவர் திருப்பிப் பாடுவார். பாடிக் காட்டியவர் பாடியவரைவிட நன்றாக இருந்தார் என்பதை அங்கிருந்தவர்கள் கவனித்தார்கள். ஆனால் அதன் பொருளை அப்போது உணரவில்லை. இது எனக்கு மிகவும் பிடித்த கட்டம். தேடும் பொருள் தேடுகிறவர்களோடு உட்கார்ந்து தேடிக்கொண்டிருந்தது!

ஏன் உணரவில்லை என்பதற்கும் காரணம் உண்டு. காலின்ஸ் டிரம் வாசிப்பவர். அதிலும் சாதாரணமாக வாசிப்பவர் அல்லர். 'பிராண்ட் எக்ஸ்' என்ற ஜாஸ்-ராக் குழுவிலும் வாசித்துக்கொண்டிருந்தார். 1971, 1973ஆம் ஆண்டு இசைத்தட்டுகளில் ஒவ்வொரு சிறு பாட்டை அவர் தனியாகப் பாடியதுண்டு. இரண்டும் மென்மையான பாட்டுகள். 'இவரால் மென்மையாகப் பாட முடியும். முழங்க முடியாது' என்று எல்லாரும் முடிவு கட்டியிருந்தார்கள். காலின்சும் அப்படியே எண்ணியிருந்தார்.

அக்டோபரில் இலண்டன் டிரைடென்ட் ஒலிப்பதிவுக்கூடத்துக்குப் போனார்கள். தயாரிப்பாளராக டேவிட் ஹென்ட்சல் அமர்ந்தார். நான்கு ஆண்டுகளுக்கு முன் இவர்களுடைய இசைத்தட்டில் உதவிப் பொறியாளராக இருந்தவர். பாடகர் கிடைக்காமலே வாத்தியங்களைப் பதிந்துவிட்டார்கள். இங்கே ஒரு தொழில்நுட்பச் செய்தியைச் சொல்ல வேண்டும். நம் கச்சேரியில் சுருதி பாடகருடையது. ஒன்றரைக் கட்டையா, ஐந்து கட்டையா என்பதைப் பாடுபவர் குரல் தீர்மானிக்கும். வயலினும் தம்புராவும் அதற்கு இணங்கும். இவர்களோ பாடகர் இன்னார் என்று தெரியாமலே சுருதியை நிறுத்தி நாடாவில் பதிந்துவிட்டார்கள். பிறகு தேர்வில் தேறிய ஒருவரை அழைத்து 'ஸ்குவாங்க்' என்ற பாட்டைப் பாடச் சொன்னபோது, அவர் குரல் எல்லைக்கு அந்தச் சுருதி பொருந்தவில்லை. நல்ல பாடகர்தான், ஆனால் பதிந்த நாடாவை அவருக்காக மாற்ற இயலாது. அவர் போய்விட்டார்.

அந்தப் பாட்டின் தன்மையைச் சொன்னால்தான் அடுத்து நடந்ததன் அருமை விளங்கும். 'ஸ்குவாங்க்' என்பது அமெரிக்காவின் பென்சில்வேனியாக் காடுகளில் மரம் வெட்டுவோர் கட்டிவிட்ட கற்பனை விலங்கு. தன் அழகற்ற தோலை எண்ணி எப்போதும் அழுதுகொண்டிருக்குமாம். பிடித்துச் சாக்கில் கட்டினால் கண்ணீராகவே கரைந்து போகுமாம். சாக்கைத் திறந்து பார்த்தால் தண்ணீர்தான் இருக்கும். கதை இரக்கத்துக்குரியது, இசையோ யானை நடை. 1975இல் வெளிவந்திருந்த லெட் செப்பலின் குழுவின் 'காஷ்மீர்' பாட்டில் ஜான் போனம் வாசித்த கனத்த டிரம் ஓசை காலின்சின் மனத்தில் இருந்தது. அந்தக் கனத்துக்கு மேல் ஒரு குரல் எழுந்து நிற்க வேண்டும். மென்மைக் குரலுக்கு இங்கு இடமில்லை. 'நான் ஒருமுறை பாடிப் பார்க்கட்டுமா?' என்று கேட்டார் காலின்ஸ். வேறு வழியும் இல்லாமையால் சரி என்றார்கள். அவர் பாடினார். கட்டுப்பாட்டு அறையில் கேட்டிருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். 'ஸ்குவாங்க்' வந்துவிட்டது என்றால் மற்றவை வந்துவிட்ட மாதிரிதான். ஒவ்வொரு பாட்டாகச் சோதித்து, கடைசியில் இசைத்தட்டு முழுவதையும் அவரே பாடி முடித்தார்.

வெளிவந்தபோது கேட்டவர்கள் பலர், 'குரல் கேபிரியலைப் போலவே இருக்கிறதே!' என்றனர். இது போலச் செய்தல் அன்று. ஐந்து ஆண்டுகளாகக் காலின்ஸ் டிரம் பின்னால் உட்கார்ந்து கேபிரியலோடு சேர்ந்து பாடி வந்தவர். பல பாட்டுகளில் கேபிரியலின் குரல் என்று நாம் கேட்டது, உண்மையில் அந்தக் குரலின் மேல் காலின்சின் குரலும் படிந்த கலவை. இரண்டு குரல்கள் ஒரே வரியை ஒரே நேரத்தில் பாடினால் காது அவற்றைப் பிரிக்காமல் ஒரே குரலாக எடுத்துக்கொள்ளும். கலவையில் ஒன்றை நீக்கியபோது மற்றது வெளியே தெரிந்தது, அவ்வளவுதான். பழைய இசைத்தட்டுகளை மீண்டும் கேட்டால் காலின்ஸ் எங்கெங்கே ஒளிந்திருக்கிறார் என்று கண்டுபிடிக்கலாம். விடுதியில் என் எதிர் அறையில் இருக்கும் மேகாலய நண்பர் இதை ஒரு விளையாட்டாகவே வைத்திருக்கிறார். எனக்கு இந்த இசையை அறிமுகப்படுத்தியவரும் அவரே. அவருக்குக் காசி மொழி தாய்மொழி, எனக்குத் தமிழ். இருவருக்கும் அரைகுறை இந்தி. பேச்சில் பாதிக்கு மேல் இசைதான்.

இசைத்தட்டில் எட்டு உருப்படிகள். மொத்தம் 51 நிமிடம். முதலாவது 'டான்ஸ் ஆன் எ வால்கேனோ', எரிமலை மேல் நடனம். ஏழு தட்டுத் தாளத்தில் நடப்பது. நமக்கு மிச்ர சாபு பழக்கம்; ஏழு என்றால் அஞ்ச மாட்டோம். ராக் இசை கேட்போர்க்கு நான்கே உலகம். காலால் தாளம் போட முயல்பவர் எட்டாவது தட்டைத் தேடித் தவிப்பார். அதற்குள் அடுத்த சுற்று தொடங்கிவிடும். எரிமலை மேல் ஏறுபவனுக்குக் கால் நிலைகொள்ளாது என்பதைச் சொல்லாலும் சொல்லி, தாளத்தாலும் செய்து காட்டுகிறார்கள். புதிய குழு தன்னை அறிமுகம் செய்துகொள்ள இதைவிடத் துணிவான பாட்டு கிடையாது.

இரண்டாவதான 'என்டாங்கிள்ட்' எனக்கு மிகவும் உவப்பானது. ஹேக்கெட்டும் பேங்க்சும் சேர்ந்து ஆக்கியது. இதில் இரண்டு கருவிகளைப் பௌதிக மாணவன் என்ற முறையில் விளக்க ஆசைப்படுகிறேன். ஒன்று பன்னிரண்டு தந்திக் கிதார். சாதாரணக் கிதாரின் ஆறு தந்திகளுக்குப் பதில் ஆறு இணைகள். கீழ்ச்சுருதியின் நான்கு இணைகளில் ஒன்று மற்றொன்றுக்கு மேல் ஸ்தாயி. மேல்சுருதியின் இரண்டு இணைகளில் இரு தந்திகளும் ஒரே சுருதி. ஆனால் எவ்வளவு கவனமாகச் சேர்த்தாலும் மயிரிழை வேறுபாடு இருந்தே தீரும். ஒன்று விநாடிக்கு 440 முறையும் மற்றொன்று 441 முறையும் அதிர்ந்தால், விநாடிக்கு ஒருமுறை ஓசை பெருகிச் சிறுக்கும். பாடநூலில் நாம் 'விம்மல்' என்று படித்தது இதுவே. அந்த விம்மல்தான் பன்னிரண்டு தந்திக் கிதாரின் மினுமினுப்பு. மூன்று கிதார்கள் இவ்வாறு ஒன்றாக ஒலிக்கும்போது நீர்மேல் வெயில் பட்டாற்போல இருக்கும்.

மற்றொன்று மெல்லோட்ரான். கணினி வழியே எல்லா ஓசையும் கிடைக்கும் இக்காலத்தில் இந்தக் கருவியை நினைத்தால் சிரிப்பும் மரியாதையும் ஒன்றாக வருகின்றன. பார்வைக்கு ஆர்கன் போல 35 கட்டைகள். ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு காந்த ஒலிநாடாத் துண்டு. அந்த நாடாவில் உண்மையான வயலின் குழுவோ, உண்மையான பாடகர் குழுவோ ஒரே ஒரு சுரத்தை நீட்டி இசைத்தது பதிந்திருக்கும். கட்டையை அழுத்தினால் நாடா நகர்ந்து அந்த ஓசையைத் தரும். ஆனால் ஏறக்குறைய 8 விநாடியில் நாடா தீர்ந்துவிடும்! விரலை எடுத்தால் சுருள்வில் நாடாவைத் தொடக்கத்துக்கு இழுத்துக்கொள்ளும். ஆகவே வாசிப்பவர் எந்தச் சுரத்தையும் 8 விநாடிக்கு மேல் பிடித்து வைக்க முடியாது. விட்டு விட்டுத்தான் வாசிக்க வேண்டும். நாடா சீராக ஓடாமல் சுருதி இலேசாக நடுங்கும். இந்தக் குறைகளே அதன் குரலாயின. 'என்டாங்கிள்ட்' பாட்டின் கடைசிப் பகுதியில் மெல்லோட்ரானின் பாடகர் குழு ஓசை எழும்பும்போது, ஆள் இல்லாத கோயிலில் யாரோ பாடுவது போன்ற ஓர் உணர்ச்சி உண்டாகும். பாட்டின் பொருளோ மருத்துவமனை, உறக்கம், மயக்கம். இறுதியில் சிகிச்சைக்கு ஒரு கட்டணச் சீட்டு! அழகிய இசையினூடே இத்தகைய குறும்பு இருப்பது கேபிரியல் காலத்துச் செல்வம் முற்றிலும் கரையவில்லை என்பதற்குச் சான்று.

எல்லாம் சிறப்பு என்று சொல்ல மாட்டேன். 'ராபரி, அசால்ட் அண்ட் பேட்டரி' திருடன் ஒருவன் கதை. 1964இல் இலண்டன் நாடக மேடையில் 'ஆலிவர்!' நாடகத்தில் பிக்பாக்கெட் சிறுவனாக நடித்தவர் காலின்ஸ். அந்தப் பழக்கத்தில் குரலை மாற்றி மாற்றிப் பேசிப் பாடுகிறார். நகைச்சுவை சற்று வலிந்து வந்ததாகவே எனக்குப் படுகிறது. கேபிரியல் பாடியிருந்தால் திருடனைக் கண்டு நாம் அஞ்சியும் இருப்போம், சிரித்தும் இருப்போம். 'மேட் மேன் மூன்' பேங்க்சின் அழகிய பியானோவுக்காகக் கேட்கலாம், நடுவே நீளம். 'ரிப்பிள்ஸ்' முதுமை எய்தும் அழகைப் பற்றியது. அதன் நடுப்பகுதியில் பாட்டு நின்று, பியானோவும் ஹேக்கெட்டின் கிதாரும் மட்டும் பேசிக்கொள்ளும் இடத்தை இரவில் விளக்கணைத்துக் கேட்க வேண்டும்.

இசைத்தட்டுக்குப் பெயர் கொடுத்த பாட்டு சிறியது. வில்லியம் கோல்டிங் 1955இல் எழுதிய 'தி இன்ஹெரிட்டர்ஸ்' என்ற நாவலின் சாயலில் பேங்க்ஸ் முன்பே எழுதி வைத்திருந்தது. கொம்பும் வாலும் உடைய ஓர் உயிர் தன் நாட்டை விட்டு மனிதர் நகருக்கு வருகிறது. மனிதர் அதைப் பிடித்துக் கூண்டில் அடைத்துக் காட்சிப் பொருளாக்குகிறார்கள். 'எங்கள் நாட்டில் எல்லாரும் இப்படித்தான் இருப்பார்கள்' என்று அது சொன்னால் நம்புவாரில்லை. மகிழ்ச்சியான மெட்டில் இந்தக் கதையைப் பாடுகிறார்கள். சொந்த ஊர் ஒன்று, தந்தையின் வேலையால் வளர்ந்த ஊர் மற்றொன்று, படிக்க வந்த ஊர் மூன்றாவது என்று ஆகிவிட்ட என்னைப் போன்றவர்களுக்கு அந்த விலங்கைக் கண்டால் கொஞ்சம் பாசம் வரத்தான் செய்யும். சாப்பாட்டுக் கூடத்தில் தயிர்ச் சோற்றைக் கையால் பிசையும்போது பக்கத்து மேசைக்காரர் பார்த்த பார்வையை நம்முள் யார் அறியார்? பெரிய துன்பம் ஒன்றுமில்லை. வாலைச் சற்று மடித்து உட்கார வேண்டியிருக்கிறது, அவ்வளவே.

இன்னொரு மாற்றம் பலர் கண்ணில் படுவதில்லை. இசைத்தட்டின் உறையில் முதன்முறையாக ஒவ்வொரு பாட்டுக்கும் அதை ஆக்கியவர்களின் பெயர் தனித்தனியே அச்சிடப்பட்டது. 'எல்லாம் அவர் செய்தது' என்ற எண்ணத்துக்கு நால்வரும் தந்த மறுமொழி இதுதான். வாதம் செய்யவில்லை, பெயர்ப் பட்டியல் கொடுத்தார்கள். பேங்க்சின் பெயர் எட்டிலும் இருப்பதைப் பார்த்தால் இந்தக் குழுவின் இசைக்கு முதுகெலும்பு யார் என்பது விளங்கும்.

நாடு ஏற்றுக்கொண்டது. முந்தைய இரட்டை இசைத்தட்டு இங்கிலாந்து விற்பனைப் பட்டியலில் 10ஆம் இடம் வரை வந்தது. இது 3ஆம் இடம் வரை ஏறியது. அமெரிக்காவில் 41, 31 ஆயிற்று. கடன் தீரும் வழி பிறந்தது.

ஆனால் மேடை? பாடகர் முன்னால் நின்றால் டிரம் யார் வாசிப்பது? 'யெஸ்', 'கிங் கிரிம்சன்' ஆகிய குழுக்களில் புகழ்பெற்ற பில் புரூபோர்டு 1976ஆம் ஆண்டுப் பயணத்துக்கு வந்து உதவினார். 1976 மார்ச் 26 அன்று, கனடா நாட்டின் இலண்டன் என்னும் நகரில், காலின்ஸ் முதன்முறையாகப் பாடகராக மேடையின் முன்னணிக்கு வந்தார். பாடுவதைவிட, பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் கூட்டத்தோடு என்ன பேசுவது என்பதே அவருக்குப் பெரிய அச்சமாக இருந்ததாம். நரித் தலையும் இல்லை, பூவிதழும் இல்லை. வாத்தியப் பகுதி வரும்போது அவர் பின்னால் ஓடித் தம் டிரம்மில் உட்கார்ந்துகொள்வார். அப்போது இரண்டு டிரம்கள் சேர்ந்து முழங்கும். பழைய குழுவில் இல்லாத ஒன்று இப்படிப் புதிதாகக் கிடைத்தது.

கேபிரியல் இழந்தாரா என்றால் அதுவும் இல்லை. 1977இல் அவருடைய முதல் தனி இசைத்தட்டு வந்தது. அதிலுள்ள 'சால்ஸ்பரி ஹில்' பாட்டு விலகலைப் பற்றியதுதான். அதுவும் ஏழு தட்டில் நடப்பது என்பதைக் காண்க! 1989இல் அவர் வெளியிட்ட 'பேஷன்' இசைத்தட்டில் சென்னையில் பிறந்த வயலின் கலைஞர் எல். சங்கர் தம் இரட்டை வயலினை வாசித்திருக்கிறார். ஹேக்கெட் 1977இல் விலகினார். குழு மூவராகி, 1980களில் எளிய பாட்டுகளால் பெரும் பணமும் புகழும் ஈட்டியது. 'எல்லாம் அந்த வாலின் வித்தையால் வந்த வினை. டிரம் அடிப்பவரைப் பாட விட்டதால் இசை மலிந்தது' என்று குறை கூறுவோர் இன்றும் உண்டு. அவர்கள் கூற்றை நான் ஏற்கவில்லை. பத்து ஆண்டு கழித்து வந்த மாற்றத்துக்கு 1976ஆம் ஆண்டின் இந்த இசைத்தட்டைக் குற்றக் கூண்டில் ஏற்றுவது முறையாகாது. மலிவுக்காகப் பாடுபவர்கள் ஏழு தட்டில் தொடங்க மாட்டார்கள்.

குழுவின் இறுதி நிகழ்ச்சி 2022 மார்ச் 26 அன்று இங்கிலாந்தின் இலண்டனில் நடந்தது. கனடாவின் இலண்டனில் காலின்ஸ் அஞ்சி அஞ்சிப் பாடத் தொடங்கிச் சரியாக 46 ஆண்டு. உடல் நலிந்துவிட்ட அவர் நாற்காலியில் அமர்ந்து பாட, டிரம் வாசித்தவர் அவர் மகன் நிக். கேபிரியல் அன்று கூட்டத்தில் ஒருவராக இருந்து கேட்டார்.

இசைத்தட்டைக் கேட்க விரும்பும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடைசி உருப்படியான 'லாஸ் என்டோஸ்' சொல்லில்லாத வாத்திய இசை. காலின்சின் டிரம் வேகம் முழுவதும் அதில்தான் கட்டவிழ்கிறது. முன்னே வந்த எரிமலையின் மெட்டும் ஸ்குவாங்கின் மெட்டும் மீண்டும் வந்து கலக்கும். பிறகு ஓசை தேய்ந்து கொண்டே போகும். முடிந்தது என்று எண்ணி நிறுத்திவிடாதீர்கள். அந்தத் தேய்வுக்குள் காலின்சின் குரல் மெல்ல எழுகிறது. அவர் பாடுவது புதிய வரி அன்று. 1972இல் கேபிரியல் பாடிய 'சப்பர்ஸ் ரெடி'யின் இறுதிப் பகுதியிலிருந்து இரண்டே வரிகள். விலகிப் போன நண்பருக்கு விடை கொடுக்கவே அதை அங்கே வைத்தார்கள். உறையில் அதைப் பற்றி ஒரு குறிப்பும் இல்லை. காதைச் சற்றுக் கூர்மையாக்கிக் கொண்டால் கேட்கும்.